சொல்லக் கூசும் மொழியியல்

வங்காளத்திலிருந்து மருத்துவம் தேடித் தெற்கே வரும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். வயிற்றுவலி என்று வந்தவள், பேச்சோடு பேச்சாக, இரண்டு மாதமாகத் தனக்கு ‘ஷொரீர் காராப்’ ஆகவில்லை என்கிறாள். பக்கத்தில் நிற்பவர் வேலைக்காக வங்காளம் கற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பாளர். ‘ஷொரீர்’ என்றால் உடம்பு, ‘காராப்’ என்றால் கெட்டது. ‘இரண்டு மாதமாக உடம்புக்கு ஒன்றுமில்லையாம்’ என்று அவர் பெயர்த்துச் சொல்கிறார். மருத்துவர் தலையசைத்து எக்ஸ்ரேவுக்கு எழுதிக்கொடுக்கிறார். அவள் சொன்னதோ, இரண்டு மாதமாகத் தனக்கு மாதவிலக்கு வரவில்லை என்பது. ‘உடம்பு சரியில்லை’ என்பது வங்காளத்துப் பெண்கள் மாதவிலக்குக்கு வழங்கும் சொற்களுள் ஒன்று. கருவுற்றிருக்கக்கூடும் என்று அவள் தந்த ஒரே குறிப்பு, நலமாக இருக்கிறாள் என்ற பொருளில் ஏட்டில் ஏறிவிட்டது.

இதில் அந்தப் பெண்ணின் பிழை ஏதுமில்லை. தாயும் பாட்டியும் சொன்ன சொல்லையே அவள் சொன்னாள். மொழிபெயர்த்தவரும் அகராதிப்படி தவறவில்லை. அந்தச் சொல்லின் இன்னொரு பொருளை, யார் யாரிடம் எப்போது சொல்வது என்ற குறிப்போடு தொகுத்து, தேவைப்படுவோர் கையில் சேர்த்திருக்க வேண்டியவர்களே தவறினார்கள். இந்திய மொழியியல் வேற்றுமை உருபுகளுக்கும் வினைமுற்று விகுதிகளுக்கும் பல்லாயிரம் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறது. மலம், சிறுநீர், மாதவிலக்கு, வெள்ளைப்படுதல், அபானவாயு ஆகியவற்றைப் பற்றி மக்கள் நாள்தோறும் பேசும் சொற்களோ அதன் பார்வையில் ‘கொச்சை’. கொச்சை என்பது கேட்பதற்கு ஒரு வகைப்பாடு போலிருக்கும். நடைமுறையில் அது ஒரு கதவடைப்பு.

இக்கதவடைப்பு களப்பணியின் கருவிகளிலேயே தொடங்குகிறது. கிரியர்சன் 1894இல் தொடங்கி 1928இல் முடித்த இந்திய மொழியியல் அளவாய்வு, ஒவ்வொரு மொழியிலும் கேட்க 241 சொற்களும் தொடர்களும் கொண்ட பட்டியலைக் கையாண்டது. அதில் கை, கால், மூக்கு, கண், வாய், பல், காது, மயிர், தலை, நாக்கு, வயிறு, முதுகு ஆகியவை உண்டு. அங்கே உடல் முடிந்துவிடுகிறது. மொழிகளின் உறவை அளக்க உலகெங்கும் கையாளப்படும் சுவாதேசின் 207 சொற்பட்டியலில் துப்புவதும் வாந்தியெடுப்பதும் உண்டு. மலமும் சிறுநீரும் இல்லை. வாய்வழி வெளிவருவதற்கு மட்டும் அறிவியலில் இடம் கிடைத்திருக்கிறது. இந்த இரு பட்டியல்களையும் வினாநிரலாக மாற்றிக்கொண்டே தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் களத்துக்குப் போகிறார்கள். கேட்காத சொல்லை யாரும் சொல்வதில்லை. யாரும் சொல்லவில்லை என்பதால் அந்தச் சொல் இல்லை என்று ஆய்வேடு முடிவுசெய்கிறது.

கிரியர்சனின் பட்டியலிலிருக்கும் ‘மயிர்’ ஒன்றே இத்துறையின் கூச்சத்துக்கு விடை சொல்லப் போதும். திருக்குறள் தயக்கமின்றி ஆண்ட சொல் அது. இன்று தமிழில் அதைத் தனியே சொன்னால் வசை. கேரளத்தில் சொன்னால் இன்னும் கடுமையான வசை. எனினும் ‘மயிரிழையில் உயிர்தப்பினார்’ என்று நாளிதழ் எழுதும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒரே சொல் ஓரிடத்தில் இலக்கியம், ஓரிடத்தில் செய்தி, ஓரிடத்தில் சண்டை. ஆகவே இழிவு சொல்லுக்குள் உறைந்திருப்பதன்று. இடமும் காலமும் அதன்மேல் ஏற்றுவது. எப்போது, எந்த வட்டாரத்தில், யார் வாயில் ஏறியது என்று காண்பது மொழியியலின் கடமை. ஏறிவிட்டது என்பதைக் காரணமாகக் காட்டி விலகி நிற்பதற்கு மொழியியல் எதற்கு? அதை ஒரு பள்ளித் தலைமையாசிரியரே செய்துவிடுவார்.

மாதவிலக்குச் சொற்களை மட்டும் இந்திய வரைபடத்தின்மேல் பரப்பிப் பார்த்தால் எத்தனை செய்தி கிடைக்கிறது! தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘முட்டு’. தொடுதல் என்பது அச்சொல்லின் மற்றொரு பொருள். மலையாளத்தில் ‘தீண்டாரி’, அங்கும் தீண்டலே அடிப்படை. மராட்டியத்தில் ‘காவளா ஷிவலா’, அதாவது காகம் தொட்டுவிட்டது. தமிழில் ‘தூரம்’, ‘வீட்டுக்குத் தூரம்’, ‘வீட்டுவிலக்கு’, ‘தீட்டு’. இந்தியில் ‘மஹீனா’, சில பகுதிகளில் ‘கப்டே’, அதாவது துணி. ஒரு பகுதி தீண்டலையும் விலக்கையும் கொண்டு பெயரிடுகிறது. ஒரு பகுதி நாட்கணக்கைக் கொண்டு. ஒரு பகுதி துணியைக் கொண்டு. வங்காளம் நோயைக் கொண்டு. தீண்டாமை எவ்வாறு பெண்ணுடலின் இலக்கணமாகவும் அமைந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று எது? சாதியைப் பற்றிய கருத்தரங்குகளில் இச்சொற்கள் பேசப்படுவதில்லை; பெண்ணியக் கருத்தரங்குகளில் இவற்றின் வட்டாரப் பரவல் பேசப்படுவதில்லை; மொழியியல் கருத்தரங்குகளில் இரண்டும் பேசப்படுவதில்லை.

தலைமுறை வேறுபாடு இதனினும் கூர்மையானது. ‘அவள் முழுகாமல் இருக்கிறாள்’ என்றால் முந்தைய தலைமுறைத் தமிழருக்கு அவள் கருவுற்றிருக்கிறாள் என்று பொருள். விலக்கு முடிந்து தலைமுழுகும் வழக்கம் இருந்ததால், முழுகாமை கருவுக்கு அடையாளமாயிற்று. அவ்வழக்கம் தளர்ந்த நகரத்தில் வளர்ந்த இளம் மருத்துவரின் காதில் அது குளிக்காமல் இருப்பது. வட இந்தியாவில் நடுவயதுப் பெண்கள் மாதவிலக்கை ‘எம்.சி.’ என்பார்கள்; ஆங்கில முதலெழுத்துகளால் ஆன, ஒரு காலத்தில் நாகரிகமாகக் கருதப்பட்ட மறைசொல். இன்றைய கல்லூரி வளாகத்தில் அதே இரண்டெழுத்து தாயை இழுக்கும் வசையின் சுருக்கம். தாய் மருத்துவரிடம் கூசாமல் சொல்லும் சொல்லை மகன் நண்பனைத் திட்டப் பயன்படுத்துகிறான். ஒருகாலத்தில் கான்வென்ட் பள்ளி மாணவியர் சொன்ன ‘சம்ஸ்’ என்ற சொல்லோ அகராதியில் ஏறாமலேயே மறைந்துகொண்டிருக்கிறது.

புதிய தலைமுறை கூச்சத்தை வென்றுவிட்டது, ‘பீரியட்ஸ்’ என்று வெளிப்படையாகச் சொல்கிறது என்பது கருத்தரங்குகளில் கேட்கும் பெருமிதம். அது அரைகுறை உண்மை. ஆங்கிலத்திலும் அது ஒரு மறைசொல்தான். காலப்பகுதி என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. ‘தூரம்’ என்ற சொல் தன் அநீதியைத் தானே அறிவித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டவர் ‘எதிலிருந்து தூரம்?’ என்று திருப்பிக் கேட்க முடிந்தது. ‘பீரியட்ஸ்’ என்பதை அவ்வாறு கேட்க வழியில்லை. சொல் மாறிய வீடுகள் பலவற்றில் பூசையறையின் கதவு அந்நாட்களில் இன்றும் சாத்தியே இருக்கிறது. முந்தைய தலைமுறை தான் போட்ட திரையின் நெசவை அறிந்திருந்தது. இன்றைய தலைமுறை திரையையே கண்ணாடி என்று நம்புகிறது. இதை முன்னேற்றம் என்று எழுதுவதற்கு முன் ஆய்வாளர் சற்றுத் தயங்கட்டும்.

திரை என்பது வெறும் உவமையன்று. இந்தியில் மலத்துக்கு வழங்கும் ‘டட்டி’ முதலில் மூங்கில் தட்டியை, மறைப்பைக் குறித்த சொல். மறைப்பு, மறைப்புக்குப் பின்னாலிருந்த இடமாயிற்று. இடம், அங்கே விடப்பட்ட பொருளாயிற்று. ஆங்கில ‘டாய்லெட்’ பிரெஞ்சில் சிறுதுணியைக் குறித்த சொல்லிலிருந்து புறப்பட்டு அதே வழியில் பாதி நடந்தது. மீதிப் பாதியை இந்தியா நடத்தி முடித்தது: வடக்கே குழந்தைகள் ‘டாய்லெட் வருகிறது’, ‘லெட்ரின் வருகிறது’ என்கிறார்கள், தமிழ்க் குழந்தைகள் ‘பாத்ரூம் வருது’ என்கிறார்கள். இடம் மீண்டும் பொருளாகிவிட்டது. சொற்பொருள் மாற்றத்தின் ஒழுங்கைக் கற்பிக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. பாடநூல்களோ இதைத் தொடுவதில்லை.

காட்டுக்கும் கொல்லைக்கும் கம்மாய்க்கரைக்கும் ஒதுங்கியவர்களிடம், டச்சுக்காரரின் ‘காக்ஹவுஸ்’ ‘கக்கூஸ்’ ஆகி வந்தபோது, அது கட்டடம் உள்ளவர்களின் சொல். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது நாற்றமடிக்கும் சொல். வடமொழியில் ‘சௌசம்’ என்றால் தூய்மை; இன்றைய இந்தியில் ‘ஷௌச்’ என்றால் மலங்கழித்தல். ஒவ்வொரு தூய சொல்லும் சில பத்தாண்டுகளில் தான் மறைக்க வந்ததன் வாடையைப் பெற்றுவிடுகிறது. உடனே இன்னொரு தூய சொல் தேவைப்படுகிறது. அரசும் இந்த ஓட்டத்தில் கலந்துகொண்டது. உத்தரப் பிரதேசத்தில் தூய்மை இந்தியா திட்டத்தில் கட்டிய கழிப்பறைகளுக்கு 2017 வாக்கில் ‘இஜ்ஜத் கர்’, அதாவது மானவீடு என்று பெயர் எழுதப்பட்டது. தண்ணீரும் தாழ்ப்பாளும் வேண்டிய இடத்தில் பெண்ணின் மானம் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த வழக்கத்தின் உச்சக் கொடுமை ‘மெஹ்தர்’. பாரசீகத்தில் அது பெரியோன், தலைவன் என்னும் பட்டம்; இந்தியாவில் மலம் அள்ள வைக்கப்பட்ட மனிதனின் சாதிப்பெயர். கையால் மலம் அள்ள வைப்பதைத் தடைசெய்ய 2013இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. பட்டம் ஏறியது, கூடை இறங்கவில்லை. துப்புரவுப் பணியாளர்களின் சாவுகளைப் பற்றித் தமிழில் 2017இல் வந்த ஆவணப்படம் ‘கக்கூஸ்’ என்றே தனக்குப் பெயரிட்டுக்கொண்டது ஏன் என்பது இப்போது விளங்கும்.

வட்டார வேறுபாட்டைச் சிரிப்புக்குரியதாக மட்டும் கருதுவோரும் உண்டு. திருவனந்தபுரத்தில் ‘அப்பி’ என்பது குழந்தையைக் கொஞ்சும் சொல். கேரளத்தின் பிற பகுதிகளில் அது குழந்தையின் மலம். மலையாளிகள் இதைச் சொல்லிச் சிரிப்பதில் தவறில்லை. ஆனால் சிரிப்போடு நிறுத்திக்கொண்டால் இழப்பு. நெல்லைப் பக்கத்துப் பாட்டி ‘பேதியில போவான்’ என்று திட்டும்போதும் கேட்பவர் சிரிக்கிறார். அந்த வசைக்குள் இருப்பது காலரா. 1817இல் வங்காளத்தில் கிளம்பி, அந்நூற்றாண்டு முழுதும் அலையலையாக இந்தியாவைச் சூறையாடிய நோய் அது. வங்காளத்தில் அதற்குப் பெயர் ‘ஓலாவோட்டா’, இறங்குவதும் ஏறுவதும்; தமிழில் வாந்திபேதி. இரு மொழிகளும் தனித்தனியே ஒரே முறையில் பெயரிட்டன. அங்கே அது ஓலாபீபி என்ற தெய்வமாயிற்று. இங்கே வசையாகவும் நிலைத்தது. கொள்ளைநோயில் செத்தவர்களின் நினைவை ஒரு வட்டாரத்தின் வசைமொழி சுமந்துவருகிறது. அப்பாட்டியின் தலைமுறையோடு அதுவும் போய்விடும். அதற்குமுன் ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்முன் உட்கார்ந்த மாணவர்கள் எத்தனை பேர்?

மரபைக் காட்டி மறுப்போர் தொல்காப்பியத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. அவையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்க என்று அது விதிப்பது உண்மை. அடுத்தபடியாக, வழக்கில் பயின்று பழகிவிட்டதை மறைக்க வேண்டியதில்லை என்றும் அது சொல்கிறது. தகாமை அவையைப் பொறுத்தது, பழக்கத்தைப் பொறுத்தது என்ற சமூகமொழியியல் உண்மை அங்கே விதியாகவே இருக்கிறது. அதனினும் முக்கியமானது எழுத்ததிகாரத்தில் உள்ளது. ‘ஆ’ என்பதன் முன் ‘பீ’ வந்தால் ‘ஆப்பி’ என்று எவ்வாறு ஆகும் எனத் தனி நூற்பாவே இருக்கிறது. சொல்லை நேரே சொல்லாமல், ஈகாரம் ஏறிய பகரம் என்று ஆசிரியர் சுற்றிவளைக்கிறார். கூச்சம் அவருக்கும் இருந்தது. ஆனால் கூச்சத்துக்காக விதியை விட்டுவிடவில்லை. சொல்லை மறைத்தார்; தரவை மறைக்கவில்லை. இன்றைய துறைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

எதிர்வாதங்கள் இரண்டு உண்டு. இச்சொற்களைத் தொகுப்பது வசைகளுக்கும் சாதி இழிவுக்கும் ஏட்டில் இடம் தருவதாகும் என்பது முதலாவது. பெயரையும் வசையையும் பிரித்தறியத் தொகுப்பு இல்லாமல் முடியாது என்பதே அதற்கு விடை. ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் ‘பெண்கள் தமக்குள் சொல்வது’, ‘அறுபது வயதுக்கு மேற்பட்டோர்’, ‘இழிவாகச் சொல்வது’ என்று குறிப்பு எழுதப்படும்போதுதான் அதன் நஞ்சு தெரியவரும். இரண்டாவது வாதம், ஆங்கிலம் இருக்கிறதே, அது எல்லோருக்கும் பொதுவானதே என்பது. ‘மோஷன்’ என்ற சொல்லைக் கொண்டு மருத்துவர் கேட்கும்போது, ‘வெளிக்குப் போவது’ என்று மட்டும் அறிந்த முதியவர் எதற்கும் தலையாட்டிவிடுவார். யார் தலையாட்டுகிறார், யார் திருப்பிக் கேட்கிறார் என்பதை வர்க்கம் தீர்மானிக்கிறது. அந்த மௌனத்தைப் பொதுமை என்று அழைப்பது ஆய்வாளருக்கு அழகன்று.

இனி இழப்பின் கணக்கு. அரசு மருத்துவக் கல்லூரிகளின் பட்டமேற்படிப்பு இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரம்புகிறது. ராஜஸ்தானத்தில் வளர்ந்தவர் மதுரையிலும், மதுரையில் வளர்ந்தவர் நாகபுரியிலும் நோயாளிமுன் அமர்கிறார்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டம் தொடக்கப் பயிற்சியில் மொழிக்கும் இடம் தந்தது. அந்த வகுப்புக்குத் தேவைப்படும் சொற்பட்டியலை எந்தத் துறை தயாரித்துக் கொடுத்தது? மத்தியப் பிரதேசத்தில் 2022இல் இந்தி மருத்துவப் பாடநூல்கள் வெளியானபோது மொழியியலாளர்கள் கலைச்சொல்லைப் பற்றி வாதிட்டார்கள். நோயாளியின் சொல்லைப் பற்றிய பேச்சு எழவில்லை. கேட்கத் தெரிந்தவர் கையில் நாட்டுச்சொல் என்னவாகும் என்பதற்குச் சான்று உண்டு. வட இந்திய ஆண்கள் ‘தாத்’ போகிறது என்று சோர்ந்து வந்து சொன்னதை உளநல மருத்துவர் விக் 1960இல் அவர்கள் சொல்லாலேயே பெயரிட்டு எழுதினார். பின்னர் அது உலக நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பிலும் இடம்பெற்றது. சொல்லை மதித்தவர் மருத்துவர், மொழியியலாளர் அல்லர்.

நீதிமன்றத்தில் நிலைமை இன்னும் கடுமை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, குழந்தை சொன்னபடியே வாக்குமூலம் பதிய வேண்டும் என்கிறது. உடலுறுப்புக்கு வீட்டுக்கு வீடு ஒரு செல்லப்பெயர் இருக்கும் நாடு இது. ஆங்கிலவழிப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகள் சிலவற்றில் ‘ஷேம் ஷேம்’ என்பதே உறுப்பின் பெயர். குழந்தை தன் உடலுக்குக் கற்கும் முதற்பெயரே வெட்கம். அக்குழந்தை ‘ஷேம் ஷேமைத் தொட்டார்’ என்று சொல்லும்போது, பதிபவர் ‘பிறப்புறுப்பு’ என்று எழுதினால் அது குழந்தையின் சொல் இல்லை. ‘ஷேம் ஷேம்’ என்றே எழுதினால் அதன் பொருளைச் சான்றளிக்க ஆள் வேண்டும். வல்லுநரின் துணைக்குச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. அந்த வல்லுநர் எந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு சான்றளிப்பார்?

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இச்சொற்களையும் பிற சொற்களுக்கு நிகராக அடுக்கியது. தமிழில் கரிசலின் சொற்களையும் மறைவாய்ச் சொல்லப்பட்ட கதைகளையும் தொகுத்தவர் கி. ராஜநாராயணன். கொங்கு வட்டாரச் சொல்லகராதி செய்த பெருமாள்முருகன்தான் ‘கெட்ட வார்த்தை பேசுவோம்’ என்றும் எழுதினார். எழுத்தாளர்கள் தனியாளாகச் செய்ததை நிதியும் ஆளும் கருவியும் உள்ள துறைகள் தொடரவில்லை என்பதே குற்றச்சாட்டு.

செய்ய வேண்டியது பெரிதன்று. வட்டார ஆய்வு ஒவ்வொன்றிலும் உடலுக்கென ஒரு பகுதி வேண்டும். பெண்களின் சொற்களைப் பெண்கள் கேட்க வேண்டும். சொல்பவரின் வயது, ஊர், சாதி, யார்முன் சொல்வார், யார்முன் சொல்லார் என்பவை பதியப்பட வேண்டும். அத்தொகுப்பு மாவட்ட மருத்துவமனைக்கும் குழந்தைகள் நீதிமன்றத்துக்கும் எளிய கையேடாகப் போக வேண்டும். இத்தலைப்பில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவரிடம் ‘வேறு நல்ல தலைப்பு கிடைக்கவில்லையா?’ என்று கேட்கும் வழக்கத்தை ஆய்வுக்குழுக்கள் விட வேண்டும். அடுத்த களப்பணிக்குப் புறப்படுபவரின் வினாநிரலில் ‘வயிறு’, ‘முதுகு’ என்ற சொற்களுக்குக் கீழே இன்னும் இருபது வரிகள் சேரட்டும். அந்த வங்காளப் பெண் தன் செய்தியைத் தெளிவாகவே சொல்லிவிட்டாள். எழுதிக்கொள்ளும் பொறுப்பு துறையுடையது.